பறவை பார்க்க வருபவர்கள்

வேடந்தாங்கல் சென்று வருபவர்கள் பெரும்பாலும் பறவைகளைப் பற்றியே கட்டுரை எழுதுவார்கள். சென்ற தை மாதம் எங்கள் பள்ளி இயற்கைக் கழகத்தினர் ஒரு பறவை நோக்கர் குழுவினருடன் அங்கே சென்றோம். நாங்கள் மனிதர்களைப் பற்றி எழுத விரும்புகிறோம்.

எல்லாக் குழுக்களிலும் கணக்கர் ஒருவர் இருப்பார். கூழைக்கடா எத்தனை, அரிவாள்மூக்கன் எத்தனை என்று குறித்துக்கொண்டே நடப்பார். ஆயிரக்கணக்கில் இருந்தால் எப்படி எண்ணுவது? ஒரு மரத்தில் உள்ளவற்றை எண்ணி, அதுபோன்ற மரங்களின் தொகையால் பெருக்குவார். பொங்கல் நாட்களில் தமிழகமெங்கும் நடைபெறும் பறவைக் கணக்கெடுப்புக்கு இவரைப் போன்றவர்களே தூண்கள். ஆனால் இவரிடம் பேச்சுக் கொடுத்தால் எண்ணிக்கை தவறிவிடும், கோபம் வரும்!

மௌனத்தில் முதற்பரிசு எங்கள் அருட்சகோதரிக்கே. தியான நாட்களின் பழக்கம் போலும். அவருக்கு அருகில் நின்ற பாட்டி ஒருவர், கண் மங்கியிருந்தும், நத்தைக்குத்தி நாரைகள் அலகைத் தட்டும் ஓசையைக் கேட்டே கூடு இருக்கும் திசையைக் காட்டினார்.

புகைப்படக்காரர்களில் இரு வகை உண்டு. ஒருவர் இரண்டு மணி நேரம் அசையாமல் காத்திருந்தார். மற்றொருவர் பறவைகள் பறக்கும் படம் வேண்டுமென்று கைதட்டினார். இது விளையாட்டல்ல. தாய்ப்பறவை சிறகை விரித்து நிற்பது குஞ்சுகளுக்கு நிழல் தருவதற்காக. அது எழுந்து பறந்துவிட்டால் இறகு முளைக்காத குஞ்சுகள் வெயிலில் வாடும். முட்டைகளைக் காகங்கள் கொத்திச் செல்லும்.

கைதட்டியவரை அதட்டியவர் எங்கள் குழுவைச் சேர்ந்தவர் அல்லர். ஏரிக்கரையில் நடந்து வந்த உள்ளூர் விவசாயி. "தலைப்பிரசவத்துக்கு அம்மா ஊட்டுக்கு வந்த பொண்ணுங்க பாப்பா இதுங்க. கைதட்டி விரட்டலாமா?" என்றார் எங்களிடம்.

பறவைகளின் எச்சம் கலந்த ஏரி நீர் அவ்வூர் வயல்களுக்கு உரமாகிறது. வேட்டையாட வந்த வெள்ளைக்காரர்களைத் தடுக்க அவ்வூரார் முறையிட்டு, 18ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே செங்கல்பட்டு கலெக்டரிடம் உரிமை பெற்றிருக்கிறார்கள். தீபாவளிக்கு வெடி வெடிப்பதையும் தவிர்க்கிறார்கள். வெடி இல்லாத தீபாவளியை எங்களில் எத்தனை பேர் ஒப்புக்கொள்வோம்?

அப்பெரியவரிடம் பைனாகுலரைக் கொடுத்தோம். அவர் அதைப் பறவைகள் பக்கம் திருப்பவேயில்லை. கரைக்கு அப்பால் தம் வயலைப் பார்த்தவர், "ஐயய்யோ, மாடு பூந்துடுச்சே!" என்று பைனாகுலரை எங்கள் கையில் திணித்துவிட்டு ஓடினார்.