உங்களுக்குத் தெரியுமா? மல்லாட்டைக்குள் ஒரு சுருள்பூச்சி

விருத்தாசலம் என்றதும் பீங்கானும் களிமண் பொம்மையும்தான் நினைவுக்கு வரும். ஊரைச் சுற்றியுள்ள வயல்களில் நிலக்கடலையும் விளைகிறது. இங்குள்ள ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட கடலை ரகங்கள் ஊரின் பெயரைச் சுருக்கி 'வி.ஆர்.ஐ.' என்றே வழங்குகின்றன.

இந்தப் பக்கத்தில் கடலையை 'மல்லாட்டை' என்பார்கள். மணிலாக்கொட்டை என்பதன் மரூஉ அது. செடியின் பூர்வீகம் தென் அமெரிக்கா. அதன் இலைக்குள் குடியிருக்கும் சுருள்பூச்சியோ தெற்காசியாவில் நெடுங்காலமாக அறியப்பட்டது. வந்த செடியை இருந்த பூச்சி பிடித்துக்கொண்டது!

தாய் அந்துப்பூச்சி சுமார் 6 மில்லிமீட்டர்தான். பழுப்புச் சாம்பல் இறக்கையில் ஒரு வெள்ளைப் புள்ளி. முட்டையிலிருந்து வரும் புழு முதலில் இலையின் இரு தோல்களுக்கு நடுவே சுரங்கம் போட்டுப் பச்சையத்தைத் தின்கிறது. வளர்ந்தபின் பக்கத்து இலைகளை நூலால் பிணைத்து, அந்தச் சுருளுக்குள்ளேயே கூட்டுப்புழுவாகிறது. தாக்குதல் மிகுந்தால் வயலே தீய்ந்ததுபோல் தெரியும். மானாவாரி விவசாயி மழை வேண்டுவதற்கு இதுவும் ஒரு காரணம்: வறட்சியில் பெருகும் இது, நல்ல மழை பெய்தால் அடங்குகிறது.

விளக்கு வெளிச்சத்துக்கு இதன் அந்துப்பூச்சி மயங்கும். முன்னிரவில் பெட்ரோமாக்ஸைத் தரைமட்டத்தில் வைத்துப் பிடிப்பது நம் வேளாண் துறையினர் சொல்லும் வழி. கடலைக்கு இடையே கம்பு ஊடுபயிரிடுவதும் உதவும்.

உகாண்டாவிலும் 1998-ல் கடலைச் செடியில் சுருள்பூச்சி தென்பட்டது. அந்த நாட்டுக்கு அது புது வரவு.