மாற்று வரலாறும் கையறுநிலையும்

மாற்று வரலாறு என்னும் இலக்கிய வகை மேனாட்டில் இன்று பெரிதும் பயில்கின்றது. நிகழ்ந்த ஒன்றை நிகழாததாகக் கொண்டு, அதன்பின் உலகம் யாங்ஙனம் நடந்திருக்கும் எனப் புனைந்துரைப்பது இவ்வகை. 1931 இல் வெளிவந்த ஒரு தொகுப்பில் வின்ஸ்டன் சர்ச்சிலும் இத்தகைய கட்டுரை ஒன்று வரைந்துள்ளார். அமெரிக்க எழுத்தாளர் விரும்பி நாடும் களங்களுள் ஒன்று, 1960 முதல் 1968 வரையுள்ள குடியரசுத் தலைவர் அரசியல். அக்களத்தை மட்டும் ஈண்டு எடுத்துக்கொள்கின்றோம்.

தொல்காப்பியர் நாடக வழக்கு, உலகியல் வழக்கு என்னும் இரண்டையும் தழுவியதே புலனெறி வழக்கு என்பர். மாற்று வரலாற்றை அளத்தற்கும் இக்கோல் உதவும். புனைவாக மாற்றப்படுவது ஒரு செய்தியாக நிற்க, ஏனைய யாவும் உலகியலின் வழிச் செல்லுதல் வேண்டும். ஆசிரியர் பலர் வழுவுவது இவ்விரண்டாம் பகுதியிலேயே என்பது எம் கருத்து.

முதற்கண் 1960 ஆம் ஆண்டுத் தேர்தலை நோக்குவோம். கென்னடிக்கும் நிக்சனுக்கும் இடையே மக்கள் வாக்கில் இருந்த வேறுபாடு ஏறத்தாழ 1,13,000 என்பர். இல்லினாய் மாநிலத்தில் அது 8,858. அம்மாநிலம் ஒன்று மாறியிருப்பின் நிக்சன் வென்றிருப்பார் என்று எம் மாணவரும் எழுதக் கண்டுள்ளோம். கணக்கு அவ்வாறு கூறவில்லை. தேர்வாளர் 537 பேர். வெற்றிக்கு வேண்டுவது 269. கென்னடி பெற்றவை 303, நிக்சன் பெற்றவை 219, எஞ்சிய 15 பேர்டு என்பார்க்குச் சென்றன. இல்லினாயின் 27 ஐக் கழித்தாலும் கென்னடிக்கு 276 நிற்கும். 24 தேர்வாளரையுடைய டெக்சாஸும் உடன் மாறினாலன்றி நிக்சன் 270 ஐ எட்டார். டெக்சாஸில் வேறுபாடு ஏறத்தாழ 46,000. ஆகவே ஒரு நகரின் வாக்குப் பெட்டிகளை மட்டும் மாற்றி எழுதும் கதை, கூட்டலிலேயே தவறிவிடுகின்றது.

இதனினும் நுண்ணிய திருப்பம் ஒன்று அவ்வாண்டின் இறுதியில் உண்டு. 1960 திசம்பர் 11 ஆம் நாள், புளோரிடாவின் பாம் பீச் நகரில், ரிச்சர்டு பாவ்லிக் என்னும் முதியவர் வெடிமருந்து நிரப்பிய காருடன் கென்னடியின் வீட்டருகே காத்திருந்தார். கென்னடியோடு அவர்தம் மனைவி மக்களையும் கண்டமையின் அன்று வாளாவிருந்தார். சில நாளில் பிடிபட்டார். தேர்வாளர் வாக்களித்தது திசம்பர் 19 இல். அதற்கு எட்டு நாள் முன்னர்க் கென்னடி இறந்திருப்பின் நிலை யாது? தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர் பதவியேற்குமுன் இறப்பின் துணைத் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர் அவ்விடம் பெறுவார் என 1933 இல் நிறைவேறிய இருபதாம் திருத்தம் கூறும். தேர்வாளர் வாக்களிக்குமுன் ஒருவர் 'தேர்ந்தெடுக்கப்பட்டவர்' ஆவாரா? ஈண்டு ஒரு சொல்லின் பொருளில் ஒரு நாட்டின் ஆட்சி தொங்குகின்றது. 1872 இல் தேர்தலில் தோற்ற கிரீலி, தேர்வாளர் கூடுமுன் இறந்தார். அவர்க்கே அளிக்கப்பட்ட மூன்று வாக்குகளைக் காங்கிரசு எண்ணவில்லை. ஜெஃப் கிரீன்ஃபீல்டு 2011 இல் வெளியிட்ட நூலில் இப்பாம் பீச் நிகழ்ச்சியையே ஒரு கதைக்கு வித்தாகக் கொண்டார். மாற்றம் சிறிது, அதிலிருந்து எழும் வினா பெரிது. தேர்ந்த தேர்வு எனலாம்.

இனி, மிகுதியும் எழுதப்பட்ட திருப்பம் 1963 நவம்பர் 22 ஆம் நாள் டாலஸ் நகரில் நிகழ்ந்தது. கென்னடி அன்று பிழைத்திருப்பின் வியட்நாம் போர் பெருகியிராது, கறுப்பின மக்களின் உரிமைச் சட்டமும் இனிது நிறைவேறியிருக்கும் என்று எழுதுவார் பலர். இவற்றை வரலாறு என்பதினும் கையறுநிலை என்பதே பொருந்தும். தலைவன் மாய்ந்தபின் அவன் இருந்த காலத்தை எண்ணி ஏங்கும் துறை அது. 'இருந்திருந்தால்' என்னும் வினையெச்சம் இங்கு அவலச்சுவையின் வாயில். துயர் உண்மையானது என்பதில் ஐயமில்லை. அத்துயர் காரணகாரியத்தை மறைப்பதே குறை.

உரிமைச் சட்ட வரைவைக் கென்னடி 1963 சூனில் காங்கிரசுக்கு அனுப்பினார். நவம்பரில் அது கீழவையின் விதிக்குழுவில் கிடந்தது. அக்குழுவின் தலைவரோ அதன் பகைவர். கென்னடி மாய்ந்த ஐந்தாம் நாள், 1963 நவம்பர் 27 இல், ஜான்சன் காங்கிரசின்முன் நின்று, இறந்தாரைப் போற்றும் உரை எதனினும் இச்சட்டத்தை விரைந்து நிறைவேற்றுதலே சிறந்த போற்றுதல் என்னும் கருத்துப்பட வேண்டினார். மேலவையில் விவாதத்தை நீட்டித்துத் தடுத்தவர்களை 1964 சூன் 10 இல் 71 க்கு 29 என்னும் வாக்கால் அடக்கினர். அதற்கு அக்காலத்தில் மூன்றில் இரு பங்கு வாக்கு வேண்டும். சூலை 2 இல் ஜான்சன் கையொப்பமிட்டார். நாட்டின் துயரையே அவர் கருவியாக்கினார் என்பது இதனால் விளங்கும். தெருவில் போராடிய மக்களின் வலியும், குடியரசுக் கட்சியினர் பலரின் துணையும் உடன் நின்றன, அவற்றை மறத்தலாகாது. எனினும் இறப்பை நீக்குவார் அவ்விறப்பு ஈன்ற ஆற்றலையும் உடன் நீக்குதல் வேண்டும். மரத்தை வெட்டிவிட்டுக் கனியை மட்டும் கையில் வைத்துக்கொள்ளுதல் யாங்ஙனம் இயலும்?

இவ்விடர்ப்பாட்டை ஸ்டீபன் கிங் உணர்ந்தார் போலும். 2011 இல் வெளிவந்த அவர்தம் நாவலில் காலத்தினூடே சென்று கென்னடியைக் காக்கும் தலைமகன், மீண்டு வந்து பாழ்பட்ட உலகையே காண்கின்றான். தான் செய்ததைத் தானே அழிக்கின்றான். அவ்வுலகின் கேடுகள் யாவும் காரணத்தோடு பிறந்தன என்று யாம் கூறோம். ஆயினும் ஏக்கத்துக்கு விலையுண்டு என்று காட்டிய அளவில் அந்நாவல் ஏனையவற்றினும் உயர்ந்தது.

1968 ஆம் ஆண்டுக்கும் இதே நோய் உண்டு. இராபர்ட் கென்னடி சூன் 5 இல் சுடப்பட்டார், மறுநாள் இறந்தார். கலிபோர்னியாவின் முதனிலைத் தேர்தலில் அவர் வென்றது அவ்விரவே. அவ்வெற்றியிலிருந்து வெள்ளை மாளிகைக்கு நேர்வழி போடுவர் புனைவாளர். அக்காலத்தில் சனநாயகக் கட்சிப் பேராளருட் பெரும்பாலோரைத் தெரிந்தவர் மாநிலக் கட்சித் தலைவர்களும் நிருவாகிகளுமே. முதனிலைத் தேர்தல்களில் போட்டியிடாத ஹம்ப்ரியே ஆகத்துச் சிகாகோ மாநாட்டில் வேட்பாளரானார். பேராளர் தேர்வை வாக்காளர் கைக்கு மாற்றிய விதிகள் அம்மாநாட்டின் கொந்தளிப்புக்குப் பின்னர் எழுந்தவை. 1972 இல் நடைமுறைக்கு வந்தவை. பிற்காலத்து வழக்கை முற்காலத்து நூலின்மேல் ஏற்றி உரைகண்டாரை நம் துறையில் யாம் எத்துணையோ முறை மறுத்துள்ளோம். 1972 இன் விதியை 1968 இல் வைத்துக் கதை பின்னுவாரும் அவ்வுரைகாரரின் இனத்தவரே.