நீதிமன்றப் படியேறுவது பாவமா?

"சாமி, கோர்ட்டுக்குப் போனால் நான் நன்மை வாங்கக்கூடாதா?"

நம் பங்கு இல்லத்தின் தாழ்வாரத்தில் நின்று ஒரு சகோதரி கேட்ட கேள்வி இது. கையில் இரு பிள்ளைகளின் பள்ளிக் கட்டண ரசீதுகள். கணவர் வடக்கே எல்லைப்புறத்தில் சிப்பாய். விடுமுறைக்கு ஊர் வந்தாலும் தாய் வீட்டோடு நின்றுவிடுகிறார். பதினெட்டு மாதங்களாகப் பணமும் வரவில்லை. அச்சகோதரி வேண்டியது விவாகரத்தன்று, பிள்ளைகளுக்குச் சோறு. ஆயினும் நீதிமன்றம் என்றாலே விவாகரத்து, விவாகரத்து என்றாலே சபைநீக்கம் என்றெண்ணி வாய் திறவாதிருந்தார்.

அவர் அவ்வாறு எண்ணியதில் நமக்கும் பங்குண்டு, மறைப்பானேன்? ஓராண்டுக்கு முன் முதன்முறை வந்தபோது, "பொறுத்திரு மகளே, செபமாலை சொல்" என்று அனுப்பியவர் நாமே. செபமாலை சொன்னார். தாலிச் சங்கிலியையும் அடகு வைத்தார்.

அன்று நாம் சொல்லியிருக்க வேண்டியது வேறு. திருமணப் பிணைப்பு மனிதரால் அவிழ்க்கப்படாதது என்று போதிக்கும் திருச்சபையே, உடலுக்கோ ஆன்மாவுக்கோ பேராபத்து நேருமிடத்து தம்பதியர் பிரிந்து வாழத் தன் சட்டத்தில் இடமளிக்கிறது. 1992-ஆம் ஆண்டின் மறைக்கல்வி நூல் இன்னும் ஒருபடி மேலே செல்கிறது: பிள்ளைகளின் பராமரிப்பையும் நியாயமான உரிமைகளையும் காக்க அரசுமுறை விவாகரத்து ஒன்றே வழியென்றால், அது பொறுத்துக்கொள்ளத்தக்கது, பாவமன்று என்கிறது. மறுமணம் செய்யாதிருப்பவருக்கு, விவாகரத்து ஒன்றைக் காரணங்காட்டி நற்கருணை மறுக்கப்படுவதில்லை.

மேலும், ஜீவனாம்சம் கேட்க விவாகரத்தே தேவையில்லை. முன்னர் 125-ஆம் பிரிவு என்று பெயர் பெற்றிருந்த வழி, 2024 ஜூலை முதல் பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவில் 144-ஆம் பிரிவாக உள்ளது. மனைவி தாம் வசிக்கும் ஊரிலேயே மனுச் செய்யலாம். வக்கீல் கட்டணத்துக்கு அஞ்ச வேண்டா. 1987-ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் சட்டப்படி, பெண்களுக்கு வருமான வரம்பின்றி இலவச உதவி உண்டு.

இராணுவத்தார் குடும்பங்களுக்கு இன்னொரு வாயிலும் உண்டு. நம் மக்களுள் இதனை அறிந்தோர் மிகச் சிலர். 1950-ஆம் ஆண்டின் இராணுவச் சட்டம், 28-ஆம் பிரிவில், படைவீரரின் சம்பளத்தை நீதிமன்றத் தீர்ப்பைக் காட்டி ஜப்தி செய்தலாகாது என்கிறது. இதைக் கேட்டு மனந்தளர்வோர் அதே சட்டத்தை மேலும் படித்தல் வேண்டும். 90, 91-ஆம் பிரிவுகள், மனைவி மக்களின் பராமரிப்புக்காக அதிகாரிகள், சிப்பாய்கள் ஆகியோரின் சம்பளத்தில் பிடித்தம் செய்ய இராணுவ மேலிடத்துக்கே அதிகாரம் அளிக்கின்றன. மனைவி தம் கைப்பட எழுதி, கணவரது யூனிட்டின் கமாண்டிங் ஆபீசருக்கு அனுப்பலாம். கணவரின் படை எண்ணைக் குறிப்பிட்டு, திருமணச் சான்றிதழ், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ் ஆகியவற்றின் நகல்களை இணைத்தல் நன்று. கணவரிடம் விளக்கம் கேட்ட பின்னரே முடிவு செய்வர். வழி தெரியாதோர் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தை நாடலாம். திருமணச் சான்றிதழ் பங்குப் பதிவேட்டிலிருந்து நாம் தரவேண்டியது. "நாளை வா" என்று சொல்லும் குருக்கள் இதனை நினைவிற் கொள்வார்களாக.

வீரர் பக்கத்து நியாயமும் உண்டு. தாம் பனிமலையில் காவல் நிற்கையில் ஊரில் ஒருதலைத் தீர்ப்பு ஆகிவிடுமோ என்று அஞ்சுவோரை நாம் அறிவோம். போர்க்காலப் பணியிலோ அதுபோன்ற தனிநிலைமையிலோ இருந்து வர இயலாத வீரரின் வழக்கை ஒத்திவைக்க, 1925-ஆம் ஆண்டிலேயே ஒரு சட்டம் செய்யப்பட்டது. ஒத்திவைப்பு தள்ளுபடியன்று என்பதை மனைவியரும் அறிதல் நலம்.

நாம் குருமடத்தில் பயின்ற நாட்களில், கிறிஸ்தவருக்குரிய 1869-ஆம் ஆண்டின் விவாகரத்துச் சட்டம் பெண்ணுக்குப் பெரும் அநீதி செய்தது. கணவன் மனைவியின் விபசாரத்தை மட்டும் நிரூபித்தாற் போதும்; மனைவியோ அதனுடன் கொடுமையையோ ஈராண்டுக் கைவிடலையோ சேர்த்து நிரூபிக்க வேண்டும். 2001-ஆம் ஆண்டின் திருத்தம் இவ்வேற்றுமையை அகற்றிற்று. வழக்கு நடைபெறும் காலத்து ஜீவனாம்சம் கணவனின் வருமானத்தில் ஐந்திலொரு பங்கை மிஞ்சலாகாது என்ற வரம்பும் அப்போதே போயிற்று. திருமணம் நடந்த மாவட்டத்திலும் வழக்குத் தொடுக்கலாம் என்றாயிற்று.

ஒரு குழப்பத்தை மட்டும் இங்கே தெளிவாக்க வேண்டும். அரசு நீதிமன்றத்தின் விவாகரத்து, திருவருட்சாதனப் பிணைப்பை அவிழ்ப்பதில்லை. அவ்வாறே, திருமணம் தொடக்கமுதலே செல்லாதது என மறைமாவட்ட நீதிமன்றம் தீர்ப்பளித்தாலும், நாட்டுச் சட்டத்தின்முன் அது விவாகரத்தாகாது. உச்சநீதிமன்றம் இதனை 1996-இலும் 2017-இலும் உறுதிசெய்தது. திருச்சபைத் தீர்ப்பை மட்டும் நம்பி மறுமணம் செய்பவர் இருமணக் குற்றத்துக்கு ஆளாக நேரிடும். இரண்டு வாயில்களையும் தனித்தனியே தட்டியாக வேண்டும்.

அச்சகோதரியின் விண்ணப்பத்தை அன்று மாலையே நம் மேசையில் அமர்ந்து எழுதினோம். ஏழு மாதங்கள் சென்றபின், பிடித்தத் தொகை அவர் கணக்குக்கு வரத் தொடங்கியது. கணவர் இன்னும் வீடு திரும்பவில்லை. சென்ற விடுமுறையில் மட்டும் பிள்ளைகளைப் பார்க்க ஒருநாள் வந்து, தாழ்வாரத்திலேயே அமர்ந்து பேசிவிட்டுப் போனாராம்.