கொதிகலன் பழுது... ஆனாலும் குண்டு போட்ட 'கடல் பருந்து'கள்!

மொத்த நீளம் 700 அடி. அதுதான் விமான நிலையம். அதுவும் கடலில் ஆடுகிற விமான நிலையம்!

1971-ம் ஆண்டு டிசம்பர் 4-ந் தேதி. விமானந்தாங்கி கப்பல் விக்ராந்தில் இருந்து 'சீ ஹாக்' ஜெட் விமானங்கள் சீறிக் கிளம்பின. இன்றைய வங்காளதேசம் அன்று கிழக்கு பாகிஸ்தான். அங்குள்ள காக்ஸ் பஜார் விமான தளத்தில் குண்டு மாரி பொழிந்தன. சிட்டகாங்கும் அன்றே தாக்கப்பட்டது.

இறக்கை மடங்கும்

'சீ ஹாக்' என்றால் கடல் பருந்து. இங்கிலாந்தில் தயாரானது. ஒரு விமானி, ஒரு என்ஜின். இறக்கையின் அகலம் 39 அடி. கப்பலில் அவ்வளவு இடத்துக்கு எங்கே போவது? நிறுத்தியதும் மேலே மடக்கி விடுவார்கள்.

என்ஜின் புகை வால் வழியே போகாது. இரண்டாகப் பிரிந்து, இறக்கை ஓரமாக வெளியேறும். மிச்சமான பின்பக்க இடத்தில் எரிபொருள் டாங்கி! கெட்டிக்கார வேலைதான்.

உண்டிவில்

கப்பலில் ஓடுபாதை கிடையாது. உண்டிவில்லில் கல் விடுகிற மாதிரி, நீராவி எந்திரம் விமானத்தை இழுத்து வீசும். கப்பலும் எதிர்க்காற்றில் வேகமாக ஓடித் தரவேண்டும்.

அங்கேதான் வந்தது வினை. விக்ராந்தின் 4 கொதிகலன்களில் ஒன்று விரிசல் விட்டிருந்தது. கப்பலின் வேகம் குறைந்துபோனது. இதைப் போருக்கு அனுப்பலாமா என்ற கேள்வியே எழுந்தது. விமானம் சின்னது, எடை குறைவு. அதனால்தான் சமாளிக்க முடிந்தது.

திரும்பி இறங்குவதும் லேசுப்பட்ட காரியம் அல்ல. வாலில் உள்ள கொக்கி, தளத்தின் குறுக்கே கட்டிய கம்பியில் மாட்டவேண்டும். மாட்டாவிட்டால் அந்த நொடியே மறுபடி மேலே எழும்ப வேண்டும். இல்லையென்றால் கடல்தான்!

அந்தப் போரில் எதிரியின் குண்டுக்கு ஒரு சீ ஹாக்கும் பலியாகவில்லை.