வராத பெட்டியின் விஞ்ஞானம்

கடைக்குச் சென்று, அடுக்கி வைத்திருக்கும் கம்ப்யூட்டர்களில் ஒன்றைக் கைகாட்டி வாங்கி வருகிறவனுக்கும், பிராசசர் இது, மெமரி இவ்வளவு, கிராபிக்ஸ் கார்டு இன்னது என்று ஒவ்வோர் உறுப்பையும் தானே தேர்ந்து, பணத்தையும் முன்கூட்டியே செலுத்திவிட்டுத் தனக்கென்று பிரத்தியேகமாகச் செய்யப்படும் யந்திரத்துக்காகக் காத்திருக்கிறவனுக்கும் உள்ள பேதம் செல்வத்தினாலோ அறிவினாலோ வந்ததன்று. முன்னவனுடைய ஆசை வாங்கிய அன்றே தீர்ந்துவிடுகிறது, பின்னவனுடைய ஆசையோ வாங்கிய அன்றுதான் தொடங்குகிறது. 'ஆர்டர் பெறப்பட்டது' என்றிருந்த வரி இரண்டொரு நாளில் 'உற்பத்தியில் உள்ளது' என்று மாறும், அப்புறம் மாறாது. காலையில் பல் துலக்குமுன் ஒரு முறை, ஆபீசில் டீ வேளையில் ஒரு முறை, இரவு விளக்கை அணைக்குமுன் ஒரு முறை என்று அந்தப் பக்கத்தைத் திறந்து பார்ப்பதும், அனுப்பும் தேதி என்ற இடத்தில் அதே தேதி அசையாமல் நிற்பதும், ஒரு நாள் அது அசைந்து பத்து நாள் பின்னே போய்விட்டதைக் கண்டு திடுக்கிடுவதுமாக அவன் படும் அவஸ்தையைச் சிறுபிள்ளைத்தனம் என்று வீட்டார் பரிகசிக்கலாம். கணித சாஸ்திரமும் நரம்பு சாஸ்திரமும் அதை அவ்வளவு சுலபமாகத் தள்ளிவிடவில்லை.

முதலில் தாமதம் எங்கே உண்டாகிறது என்று பார்ப்போம். உறுப்புக்களை எல்லாம் மேஜைமீது வைத்துக் கொடுத்தால், கைதேர்ந்த ஒருவர் கம்ப்யூட்டரைப் பூட்டி முடிக்க ஒரு பொழுது தாராளமாகப் போதும். ஆனால் எல்லாம் மேஜைக்கு வந்தாலொழிய வேலை நடவாது. ஒரே ஓர் உறுப்பு வராவிட்டாலும் மற்றவை வந்ததனால் பயனில்லை. ஒரு யந்திரத்துக்கு இருபது உறுப்புக்கள் என்றும், ஒவ்வோர் உறுப்பும் ஸ்டாக்கில் இருப்பதற்கு 100-க்கு 98 பங்கு வாய்ப்பு உண்டென்றும் வைத்துக்கொள்வோம். மிகத் திறமையான நிர்வாகமென்றே இதை யாரும் சொல்லுவார்கள். ஆயினும் இருபதும் ஒரே சமயத்தில் கையிருப்பில் இருப்பதற்கான வாய்ப்பு, 98 சதவீதத்தை இருபது தடவை தன்னோடு தானே பெருக்கி வருவதாகையால், 67 சதவீதத்தைக்கூட எட்டுவதில்லை. அதாவது மூன்று ஆர்டர்களில் ஒன்று ஏதோ ஓர் உறுப்புக்காகக் காத்துக் கிடக்கும். 98 என்பது 95 ஆகக் குறைந்தால் காத்துக் கிடப்பவை மூன்றில் இரண்டு பங்குக்குச் சமீபமாக உயர்ந்துவிடும். அதிலும் பிரத்தியேகமாக ஆர்டர் கொடுக்கிறவர், பலரும் தேர்கிற உறுப்பைத் தேராமல், சந்தையில் அருமையாகக் கிடைக்கும் ஒன்றையே தேர்ந்திருப்பார். இல்லாவிட்டால் அவர் கடைக்கே போயிருப்பாரே! அந்த அருமையான உறுப்பில் இருக்கும் சில்லு தீர்ந்துபோயிற்றென்றால், சிலிக்கன் தகடு தொழிற்சாலைக்குள் நுழைந்து, நூற்றுக்கணக்கான படிகளைக் கடந்து, சில்லாக வெளிவர ஏறக்குறைய மூன்று மாதம் ஆகும். எவ்வளவு கோபித்துக்கொண்டு கடிதம் எழுதினாலும் அந்த மூன்று மாதம் குறைவதில்லை.

இன்னொரு காரணம் வரிசை. டென்மார்க்கின் தலைநகரான கோபன்ஹேகனில் டெலிபோன் கம்பெனி ஒன்றில் பணியாற்றிய ஆக்னர் எர்லாங் என்ற கணித நிபுணர், எத்தனை இணைப்பு வைத்திருந்தால் எத்தனை பேர் காத்திருக்க நேரும் என்ற கேள்வியை ஆராய்ந்து 1909-இல் வெளியிட்ட கட்டுரையே வரிசை சாஸ்திரத்துக்கு வித்து. அந்த சாஸ்திரம் சொல்லும் விஷயங்களில் மனத்துக்கு எளிதில் ஒவ்வாதது ஒன்றுண்டு. ஒரு வேலைக்குச் சராசரி ஒரு நாள் பிடிக்கும் பட்டறைக்கு ஆர்டர்கள் ஒழுங்கில்லாமல் வந்துகொண்டிருக்க, வேலை நேரமும் கூடியும் குறைந்தும் இருக்குமானால், பட்டறை பாதி நேரம் ஓய்ந்திருக்கையில் புதிதாக வருகிறவர் தம் முறைக்காகச் சராசரி 1 நாள் காத்திருப்பார். 90 சதவீத நேரம் வேலை இருக்கையில் 9 நாள். 95 சதவீதமானால் 19 நாள். வேலைச்சுமை இருபதில் ஒரு பங்கு ஏறியதற்குக் காத்திருப்பு இரு மடங்குக்கு மேல் ஏறிவிடுகிறது. தீபாவளிக்கு முந்திய வாரத்தில் தையற்காரர் சொல்லும் 'நாளைக்கு' என்ற வாக்குறுதியின் பின்னால் இருப்பது பெரும்பாலும் வஞ்சகமன்று, இந்தக் கணக்குத்தான் என்பது என் அபிப்பிராயம்.

கம்ப்யூட்டரை ஆர்டரின் பேரில் செய்துதரும் வியாபார முறையைப் பெரிய அளவில் நிலைநாட்டியவர் மைக்கேல் டெல். டெக்ஸாஸ் பல்கலைக்கழக மாணவராக இருக்கையில் 1984-இல், 1,000 டாலர் மூலதனத்தோடு விடுதி அறையில் தொடங்கிய தொழில் அது. ஆர்டர் வந்த பிறகே யந்திரத்தைப் பூட்டுவதென்பது அதன் தத்துவம். உறுப்புக்களின் விலை வாரத்துக்கு வாரம் இறங்கிவந்த துறையில், சரக்கைக் கிடங்கில் தேக்கி வைக்காதவருக்கே லாபம் நின்றது. 2007-இல் நம் ஸ்ரீபெரும்புதூரிலும் அந்த நிறுவனம் ஒரு தொழிற்சாலையைத் திறந்தது. இதில் கவனிக்கத்தக்க சூட்சுமம் ஒன்று: உறுப்பு விற்றவருக்குக் கடனைத் தீர்க்குமுன்பே வாடிக்கையாளரின் பணம் கைக்கு வந்துவிடும். காத்திருக்கிறவருடைய பணமே நடைமுறை மூலதனமாக உதவுகிறது. அதற்கு வட்டி எதுவும் கிடையாது.

தாமதம் நியாயமானதே என்று அறிவு ஒப்புக்கொண்ட பிறகும் மனம் ஏன் அடங்குவதில்லை? லண்டன் யூனிவர்சிட்டி காலேஜ் ஆராய்ச்சியாளர்கள் 2016-இல் வெளியிட்ட பரிசோதனை இதற்கு ஒரு விளக்கம் தருகிறது. திரையில் தோன்றும் பாறைகளின் அடியில் பாம்பு இருக்குமா, இராதா என்று 45 பேர் ஊகிக்க வேண்டும். பாம்பு இருந்தால் கையில் சிறியதொரு மின்அதிர்ச்சி விழும். அதிர்ச்சி நிச்சயமாக விழும் என்று தெரிந்தபோது அவர்களுக்கு ஏற்பட்ட கலக்கத்தைக் காட்டிலும், விழலாம், விழாமலும் போகலாம் என்று சரிபாதியாக நின்றபோது ஏற்பட்ட கலக்கமே அதிகமாக இருந்ததென்பதைக் கண்மணி விரிந்ததும் வியர்வை சுரந்ததும் காட்டிக்கொடுத்தன. துன்பம் வருமென்ற நிச்சயத்தைவிட, வருமோ வராதோ என்ற சந்தேகமே உடலை அதிகம் வாட்டுகிறது. ஆறு வாரம் ஆகும் என்று திட்டமாகச் சொல்லிவிட்டால் பொறுத்துக்கொள்ளும் மனிதர், மூன்று வாரம் என்று சொல்லி, அப்புறம் இன்னொரு வாரம், பின்னும் ஒரு வாரம் என்று தவணை சொல்லுகையில் கொதித்துப்போவதற்கு இது ஒரு பாதிக் காரணம்.

மற்றப் பாதியை ஸ்விட்சர்லாந்தின் ஃப்ரிபோர்க் நகரில் குரங்குகளின் மூளையை ஆராய்ந்த வோல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் கண்டறிந்தார். குரங்குக்கு எதிர்பாராமல் பழச்சாறு கிடைக்கையில் மூளையின் ஆழத்தில் டோபமைன் சுரக்கும் நரம்பணுக்கள் துடித்தெழுகின்றன. சாறு வருமுன் ஒரு விளக்கு எரிவதைக் குரங்கு பழகிக்கொண்டதும், துடிப்பு விளக்குக்கு மாறிவிடுகிறது; சாறு வரும்போது அந்த அணுக்கள் அசைவதேயில்லை. விளக்கு எரிந்தும் சாறு வராமற்போனால், எந்தக் கணத்தில் வந்திருக்க வேண்டுமோ சரியாக அந்தக் கணத்தில் அணுக்களின் இயக்கம் வழக்கமான அளவுக்கும் கீழே தாழ்ந்துவிடுகிறது. பணம் கட்டியவுடன் நிறுவனம் அறிவிக்கும் தேதி நமக்கு எரியும் விளக்கு. அந்தத் தேதியைக் குறித்துக்கொண்ட மூளை, அது வெறுமனே கழியும்போது, பெற்றிராத ஒன்றை இழந்ததாகவே பதிவு செய்கிறது. தேதி மூன்று முறை தள்ளிப்போனால் இழப்பும் மூன்று.

அந்தப் பக்கத்தையே திரும்பத் திரும்பத் திறந்து பார்க்கும் வழக்கமோ ஃபெர்ஸ்டர், ஸ்கின்னர் என்ற இருவர் 1957-இல் வெளியிட்ட பெரிய நூலில் புறாக்களின் பேரில் பதிவாகியிருக்கிறது. தானியம் இத்தனை நேரத்துக்கு ஒரு முறை என்று ஒழுங்காகக் கிடைத்தால், புறா பொத்தானைக் கொத்துவதைச் சற்று நிறுத்தி, வேளை நெருங்கும்போதுதான் மறுபடி தொடங்கும். எப்போது கிடைக்கும் என்று தெரியாதபடி இடைவெளி மாறிக்கொண்டே இருந்தால், ஓய்வொழிச்சலின்றி ஒரே சீராகக் கொத்திக்கொண்டிருக்கும். டிராக்கிங் பக்கத்தில் செய்தி மாறுவதற்கு வேளை ஏது, பொழுது ஏது?

இவ்வளவும் சொன்னதனால் காத்திருப்பதெல்லாம் துன்பமென்று ஆகிவிடாது. ஜார்ஜ் லோவன்ஸ்டீன் என்ற பொருளாதார அறிஞர், மனத்துக்குப் பிடித்த சினிமா நட்சத்திரத்தின் முத்தத்துக்கு எவ்வளவு கொடுப்பீர்கள் என்று மாணவர்களைக் கேட்டு 1987-இல் எழுதியிருக்கிறார். உடனே கிடைக்கும் முத்தத்துக்குக் கொடுக்கச் சம்மதித்ததைவிட, மூன்று நாள் கழித்துக் கிடைப்பதற்கே அவர்கள் அதிகம் கொடுக்கச் சம்மதித்தார்கள். எதிர்பார்ப்பதும் ஒரு போகம் என்பதை நன்கு அறிந்த இளைஞர்கள்! ஆனால் முத்தத்துக்குப் பொருந்துவது பெட்டிக்குப் பொருந்துவதில்லை. அமித் குமாரும் அவருடைய சகாக்களும் 2014-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், பிரயாணம், கச்சேரி போன்ற அனுபவங்களுக்காகக் காத்திருக்கிறவர்கள் உற்சாகத்தோடும், பொருள்களுக்காகக் காத்திருக்கிறவர்கள் பொறுமையிழந்தும் இருப்பதாகக் காண்கிறோம். கம்ப்யூட்டரைப் பொருள்களின் ஜாபிதாவில் சேர்ப்பதா, அனுபவங்களின் ஜாபிதாவிலா என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு. அதற்குக் காரணம், வீட்டில் வைத்துக்கொள்ளத்தக்க கம்ப்யூட்டருக்காக ஆரம்ப காலத்தில் காத்திருந்தவர்களின் கதை.

அமெரிக்காவின் நியூ மெக்ஸிகோ மாநிலத்தில், ஆல்புகெர்க்கி நகரில், கால்குலேட்டர் வியாபாரத்தில் நொடித்துக் கடனில் மூழ்கியிருந்த எம்.ஐ.டி.எஸ். என்னும் சிறிய கம்பெனியின் தலைவர் எட் ராபர்ட்ஸ், இன்டெல் 8080 சில்லைக்கொண்டு ஒரு கம்ப்யூட்டரை வடிவமைத்தார். அதன் மாதிரியை நியூயார்க்கில் இருந்த 'பாப்புலர் எலெக்ட்ரானிக்ஸ்' பத்திரிகைக்கு ரயில் பார்சலில் அனுப்ப, அது வழியில் காணாமற்போயிற்று. இன்னொன்று செய்ய அவகாசம் இல்லை. ஆகையால் 1975 ஜனவரி இதழின் அட்டையில், முகப்பில் விளக்குகளும் சுவிட்சுகளும் பொருத்திய வெறும் பெட்டியையே படம் பிடித்துப் போட்டார்கள். உள்ளே ஒன்றுமில்லாத பெட்டியின் படத்தைப் பார்த்துத்தான், 'ஆல்டேர் 8800' என்ற அந்த யந்திரத்துக்கு, 397 டாலர் செக்கை உறையிலிட்டு ஜனங்கள் அனுப்பினார்கள். சில நூறு விற்றால் பிழைத்தோம் என்றிருந்த கம்பெனிக்கு ஆர்டர்கள் ஆயிரக்கணக்கில் வந்து குவிந்தன, பெட்டிகள் போகவில்லை.

கலிபோர்னியாவின் பெர்க்லியைச் சேர்ந்த ஸ்டீவ் டாம்ப்பியர் என்பவர், விலைப்பட்டியலில் கண்ட சாமான் ஒவ்வொன்றிலும் ஒன்று வேண்டுமென்று 4,000 டாலர் அனுப்பியிருந்தார். காத்திருந்து அலுத்து, ஆர்டர் என்ன ஆயிற்றென்று நேரிலேயே பார்த்துவர ஆல்புகெர்க்கிக்குப் புறப்பட்டுவிட்டார். பெரிய ஆலை ஒன்றைக் கற்பனை செய்துகொண்டு போனவருக்குத் தரிசனமானது, கடைத்தெருவில் ஒடுங்கிய இடமொன்றில் ஆர்டர்களுக்கு நடுவே தத்தளித்த சிறு கூட்டம். 1975 மார்ச் 5-ஆம் தேதி இரவு, மென்லோ பார்க்கில் ஒரு கார் ஷெட்டில் முப்பது பேருக்குமேல் கூடி ஹோம்பிரூ கம்ப்யூட்டர் மன்றத்தைத் தொடங்கியபோது, அவர் கண்டு வந்ததை எல்லாரும் ஆவலோடு கேட்டார்கள்.

யந்திரம் ஒருவழியாக வந்து சேர்ந்தவர்களுக்கும் காத்திருப்பு தீர்ந்தபாடில்லை. வந்தது உதிரிப் பாகங்களின் மூட்டை. ஒவ்வொன்றாகப் பற்றவைத்துப் பூட்டவேண்டும். விசைப்பலகை இல்லை, திரை இல்லை. மெமரி 256 பைட். முகப்பிலுள்ள சுவிட்சுகளை ஒவ்வொரு கட்டளைக்கும் மேலும் கீழும் தள்ளிப் புரோகிராமை உள்ளே ஏற்றி, மினுக்கும் சிவப்பு விளக்குகளிலிருந்து விடையைப் படித்துக்கொள்ள வேண்டும். கூடுதல் மெமரிக்காக எம்.ஐ.டி.எஸ். விற்ற 4K கார்டு சரியாக வேலை செய்யவில்லை. மன்றத்தைச் சேர்ந்த பாப் மார்ஷ், நல்ல கார்டு வருமென்று காத்திராமல், ஏப்ரலில் புரொசசர் டெக்னாலஜி என்ற கம்பெனியைத் தொடங்கித் தாமே கார்டு செய்து விற்றார். கிழக்கே ஹார்வர்டில் பில் கேட்ஸும் பால் ஆலனும் அதற்கும் ஒருபடி மேலே போய், ஆல்டேரைக் கண்ணால் காணாமலே, பல்கலைக்கழகத்தின் பெரிய கம்ப்யூட்டரை 8080 போல நடிக்கச் செய்து, அதன்மேல் பேசிக் மொழியை எழுதி முடித்திருந்தார்கள்.

அந்த பேசிக்குக்கும் முன்பணம் வாங்கப்பட்டது, அதுவும் வரவில்லை. 1975 ஜூன் மாதம் பாலோ ஆல்டோவில் எம்.ஐ.டி.எஸ். நடத்திய கண்காட்சியில், பேசிக் பொறித்த காகித நாடாச் சுருள் ஒன்று யாருடைய கையோடோ போய்விட்டது. மன்றத்தினர் ஒருவர் அதைப் பிரதிகள் எடுத்து, அடுத்த கூட்டத்துக்கு ஒரு பெட்டி நிறையக் கொண்டுவந்து வழங்கினார். ஒன்று எடுத்துக்கொள்பவர் இரண்டு பிரதி செய்து தரவேண்டுமென்பது நிபந்தனை. வாங்கிக்கொண்டவர்களில் பணம் கட்டிவிட்டுக் காத்திருந்தவர்களும் உண்டு. தமக்கு உரியதைத் தாமே எடுத்துக்கொண்டதாக அவர்கள் கருதினார்கள். 1976 பிப்ரவரியில் பில் கேட்ஸ் அவர்களுக்கு ஒரு பகிரங்கக் கடிதம் எழுதி, உழைத்துச் செய்த பொருளைக் களவாடலாமா என்று கேட்டார். சரக்கு காலத்தில் போய்ச் சேரவில்லை என்பதைப்பற்றி அந்தக் கடிதத்தில் பேச்சில்லை.