160 மீட்டர் அலை, 10 மீட்டர் கம்பம்: ஹாம் ரேடியோவில் 94 வாட் எங்கே காணாமல் போகிறது?

கொசஸ்தலை ஆறு கரை தாண்டினால் மணலி புதுநகரில் முதலில் போவது கரன்ட். பேட்டரி தீர்ந்ததும் செல்போன் டவர் அடங்கும். 2015, 2021, 2023 என ஒவ்வொரு பெருமழையிலும் வெள்ளம் பார்த்த பகுதி இது. 'சிக்னல் இல்லை' என்று போன் காட்டும் அந்த நேரத்தில், டவரே தேவைப்படாத ஒரு கருவி உண்டு: ஹாம் ரேடியோ.

2004 டிசம்பர் 26 அன்று சுனாமி அந்தமானைத் தாக்கியபோது, போர்ட் பிளேரில் இருந்த பாரதி பிரசாத் என்ற ஹாம் ரேடியோ ஆபரேட்டர்தான் அங்கிருந்து வெளி உலகுக்குத் தகவல் அனுப்பினார். 2015 சென்னை வெள்ளத்திலும் ஹாம் ஆபரேட்டர்கள் களத்தில் இருந்தார்கள்.

ஒரு கார் பேட்டரி, ஒரு ரேடியோ, ஓர் ஆண்டெனா போதும். ஆனால் கீழ் அலைவரிசையில் பேச நினைத்தால், சிக்கலே அந்த ஆண்டெனாதான்.

கீழ் அலைவரிசை எதற்கு?

கையில் பிடிக்கும் வாக்கி-டாக்கி பயன்படுத்தும் உயர் அலைவரிசை, ஏறக்குறைய கண்ணுக்கெட்டும் தூரம் வரைதான் போகும். நடுவில் கட்டடம் நின்றால் அதுவும் குறையும். கீழே இறங்க இறங்க, அலை தரையை ஒட்டியே நெடுந்தூரம் போகும். கடல்நீர், ஈர மண் மேல் இன்னும் நன்றாகப் போகும்.

இந்தியாவில் ஹாம்களுக்கு உள்ள 160 மீட்டர் பட்டை (சுமார் 1.8 மெகாஹெர்ட்ஸ்) இப்படிப்பட்டது. உலக அளவில் இதற்கும் கீழே இரண்டு பட்டைகள் ஹாம்களுக்கு ஒதுக்கப்பட்டிருக்கின்றன: 2007 உலக ரேடியோ மாநாட்டில் 136 கிலோஹெர்ட்ஸ் அருகே ஒன்று, 2012-ல் 472 முதல் 479 கிலோஹெர்ட்ஸ் வரை இன்னொன்று.

சிக்கல் என்ன?

செங்குத்தாக நிற்கும் ஆண்டெனா, அலையின் நீளத்தில் கால் பங்கு உயரம் இருந்தால் நன்றாக வேலை செய்யும். 160 மீட்டர் அலைக்கு அது 40 மீட்டர். அதாவது பத்துப் பன்னிரண்டு மாடி உயரம். புதுநகரின் வீட்டு மனையில் 10 மீட்டர் கம்பம் நட்டாலே பெரிய விஷயம்.

கடற்படைக்கும் இதே தலைவலிதான். திருநெல்வேலி மாவட்டம் விஜயநாராயணத்தில் 1990-ல் தொடங்கப்பட்ட ஐஎன்எஸ் கட்டபொம்மன் தளம், நீருக்கடியில் இருக்கும் நீர்மூழ்கிகளுக்கு மிகத் தாழ்ந்த அலைவரிசையில் தகவல் அனுப்புகிறது. 20 கிலோஹெர்ட்ஸில் ஓர் அலையின் நீளமே 15 கிலோமீட்டர். அதில் கால் பங்கு உயரத்துக்குக் கோபுரம் கட்ட யாராலும் முடியாது. எத்தனை உயரம் கட்டினாலும் இந்த அலைவரிசையில் அது 'குட்டை ஆண்டெனா'தான்.

காயில் என்ன செய்கிறது?

குட்டை ஆண்டெனா ஒரு கெபாசிட்டர் மாதிரி நடந்துகொள்ளும். மின்னோட்டம் உள்ளே போகத் தடுமாறும். அடியில் ஒரு கம்பிச்சுருளைச் சேர்த்தால் இரண்டும் ஒன்றையொன்று சரிக்கட்டும், மின்னோட்டம் தாராளமாக ஓடும். ஆனால் காயில் ஆண்டெனாவை உயரமாக்கிவிடாது. அதோடு தன் பங்குக்குக் கொஞ்சம் பவரைச் சூடாக்கித் தின்றுவிடும்.

10 மீட்டர் கம்பத்துக்குத் தோராயக் கணக்கு இது. அலையாக மாறும் பங்கு 1.5 ஓம். சுமாரான காயிலின் மின்தடை 13 ஓம். மண்ணில் இழப்பு 10 ஓம். ஆக மொத்தம் 24.5 ஓமில் உருப்படியாகப் பயன்படுவது 1.5 மட்டும். 100 வாட் கொடுத்தால் காற்றில் போவது 6 வாட்! மீதி 94 வாட் காயிலையும் மண்ணையும் சூடாக்குகிறது.

பெரிய டிரான்ஸ்மிட்டர் வாங்குவது இதற்குத் தீர்வல்ல. இழப்பைக் குறைக்க மூன்று வழிகள் இருக்கின்றன.

1. நல்ல காயில்: 110 மி.மீ. பிவிசி பைப் மேல், 6 அங்குல நீளத்துக்குள் சுமார் 45 சுற்று. மோட்டார் காயில் கட்டும் கடைகளில் கிடைக்கும் 1.6 மி.மீ. செம்புக் கம்பி ஏறக்குறைய 16 மீட்டர் தேவைப்படும். சுற்றுகளை நெருக்கி ஒட்டக் கூடாது. கம்பியின் தடிமன் அளவுக்கு இடைவெளி விட வேண்டும். இப்படிக் கட்டினால் 13 ஓம், 4 அல்லது 5 ஓமாக இறங்கும்.

2. நல்ல தரை: கம்பத்தின் அடியிலிருந்து சக்கரத்தின் ஆரங்களைப் போல 10 மீட்டர் கம்பிகளைத் தரையில் பரப்ப வேண்டும். நான்கைவிடப் பதினாறு மேல். இங்கேதான் மணலி புதுநகருக்கு ஒரு சாதகம். எண்ணூர் கழிமுகப் பக்கத்து ஈரமான, உப்பேறிய மண் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். மண் இழப்பு 5 ஓமுக்கு வந்தால், 6 வாட் 14 வாட்டாகும்.

3. தலையில் தொப்பி: கம்பத்தின் உச்சியிலிருந்து மூன்று திசையில் தலா 4 மீட்டர் கம்பியைக் கிடையாக இழுத்துக் கட்டலாம். உச்சி வரை மின்னோட்டம் குறையாமல் ஏறும். காயிலுக்குச் சுற்றுகளும் குறைவாகவே தேவைப்படும். மூன்றையும் சேர்த்தால் காற்றில் போவது 30 வாட் அளவுக்கு உயரும். அதே ரேடியோ, அதே பேட்டரி, ஐந்து மடங்கு பலன்.

இந்த உத்தி நூறு வருடப் பழசு. ஸ்வீடனின் கிரிமெட்டனில் 1924-ல் எழுந்த நிலையம் 127 மீட்டர் கோபுரங்கள் ஆறு, அவற்றின் உச்சியில் கிடைக்கம்பிகள், ஒவ்வொரு கோபுரத்தின் அடியிலும் தரைக்குப் போகும் தனிக் காயில் என இதே வழியில்தான் கட்டப்பட்டது. இன்று அது யுனெஸ்கோ பாரம்பரியச் சின்னம், 17.2 கிலோஹெர்ட்ஸில் விசேஷ நாட்களில் இன்னும் பேசுகிறது.

கவனிக்க வேண்டியவை

100 வாட் ஓடும்போது இந்தக் காயிலின் மேல்முனையில் சுமார் 4,000 வோல்ட் இருக்கும். பிள்ளைகள் கைக்கு எட்டாமல் வேலி போடுவது கட்டாயம். இடி மின்னல் நேரத்தில் ஆண்டெனாவைக் கழற்றிவிட வேண்டும். வடசென்னையின் உப்புக் காற்றில் செம்பு சீக்கிரம் களிம்பு பிடிக்கும். ஒவ்வொரு இணைப்பும் பின்னாளில் ஒரு மின்தடையாகிவிடும். வருடம் ஒருமுறை எல்லா இணைப்பையும் தேய்த்து, மூடி வைக்காவிட்டால் சேமித்த ஓம் எல்லாம் திரும்பி வந்துவிடும்.

எல்லாவற்றுக்கும் முன்னால், உரிமம். மத்திய தொலைத்தொடர்புத் துறையின் தேர்வில் தேறினால்தான் அனுப்ப அனுமதி. 12 வயது நிரம்பியவர்கள் எழுதலாம்.

அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிடும். தெருவில் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கும்போது தரையில் கம்பி பரப்ப முடியாது. தேர்வு, காயில், தரைக்கம்பி எல்லாமே வெயில் காலத்து வேலை.