இருபத்தேழு துளிகள்

220 வோல்ட் மின்னழுத்தத்தில் ஒரே அளவான 27 துளிகள். எல்லாம் சேர்ந்து ஒரே துளியானால் அதன் மின்னழுத்தம் என்ன? 2021 நீட் தேர்வில் வந்த கேள்வி இது. கோளத்தின் மின்னழுத்தம் மின்னூட்டத்துக்கு நேர்விகிதம், ஆரத்துக்கு எதிர்விகிதம். மின்னூட்டம் 27 மடங்காகிறது. கன அளவும் அப்படித்தான், ஆனால் ஆரம் மூன்று மடங்குதான். ஆக ஒன்பது மடங்கு, 1,980 வோல்ட்.

துளியின் ஆரம் எவ்வளவு என்று கேள்வி சொல்லவில்லை. விடைக்கு அது தேவையில்லை. துளி பிழைத்திருக்கத் தேவை.

துளிமேல் உள்ள மின்னூட்டங்கள் ஒன்றையொன்று வெளியே தள்ளுகின்றன, பரப்பு இழுவிசை உள்ளே இழுத்துப் பிடிக்கிறது. எதுவரை தாங்கும் என்று இயற்பியலாளர் ராலே 1882இல் கணக்கிட்டார். ஒரு மைக்ரான் ஆரமுள்ள நீர்த்துளிக்கு எல்லை ஏறத்தாழ 180 வோல்ட். ஆரத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்து அது உயரும். நீட் துளிகள் 10 மைக்ரான் நீர்த்துளிகள் என்றால் தனித்தனியே சுகமாக இருக்கும். சேர்ந்தாலோ 30 மைக்ரான் துளிக்கு எல்லை 990 வோல்ட்தான். 1,980 வோல்ட்டை அது எங்கே தாங்கும்?

தாங்காத துளி முதலில் நீள்கிறது. அதே கன அளவில் நீளம் அகலத்தைப்போல் இருமடங்கானால் மின்னழுத்தம் சுமார் 4 சதவீதமே குறையும், பரப்போ 8 சதவீதம் கூடும். சம கன அளவும் சம மின்னூட்டமும் உள்ள வடிவங்களில் கோளத்துக்குத்தான் மின்னழுத்தம் அதிகம். எல்லையைக் கடந்த துளி முனைகளில் கூராகி, அங்கிருந்து மெல்லிய தாரையைப் பீய்ச்சும். நிறையில் ஒரு சதவீதம்கூடப் போகாது, மின்னூட்டத்தில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும்.

துளிகளை இப்படி வெடிக்கவைப்பது பெங்களூரில் அன்றாட வேலை. ஜி.கே.வி.கே. வேளாண் பல்கலைக்கழக வளாகத்தில் இருக்கும் தேசிய உயிரியல் அறிவியல் மையம் (என்.சி.பி.எஸ்.) போன்ற ஆய்வகங்களில் புரதத்தை எடைபோடும் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டருக்கு முன்வாசல் எலெக்ட்ரோஸ்ப்ரே ஊசி. சில ஆயிரம் வோல்ட்டில் கரைசல் துளிகளாகச் சிதறுகிறது. இங்கே நடப்பது நீட் கணக்கின் தலைகீழ்: துளிகள் சேர்வதில்லை, கரைப்பான் ஆவியாகிச் சுருங்குகின்றன. மின்னூட்டம் அப்படியே இருக்க ஆரம் பாதியானால் மின்னழுத்தம் இருமடங்கு. எல்லை வந்ததும் வெடிப்பு, மறுபடி சுருக்கம், மறுபடி வெடிப்பு. கடைசியில் மிஞ்சுவது மின்னூட்டம் ஏறிய வெறும் புரதம். சூடாக்கிச் சிதைக்காமல் பெரிய மூலக்கூறைப் பறக்கவிடும் இந்த வழிக்காக ஜான் ஃபென் 2002இல் வேதியியல் நோபலைப் பகிர்ந்துகொண்டார். மூலக்கூறு யானைகளுக்குச் சிறகு தருவதாக அவர் தம் நோபல் உரைக்குத் தலைப்பிட்டிருந்தார்.